லேட் லஞ்ச் என்ற குதிரையும் ஐந்து வெள்ளி ஒப்பந்தமும்

சிங்கப்பூர் பூன் லே அடுக்குமாடி வீட்டின் அலமாரியில், அன்னம்மாவின் பட்டுப்புடவைகளுக்கும் மருதப்பனின் இரண்டு நல்ல சட்டைகளுக்கும் நடுவே ஒரு டீ சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் கத்தரிப்பூ. அளவு எக்ஸ்எல். நெஞ்சில் இரண்டு சப்பாத்துக் காலணிகள் குதிப்பதுபோல மினுமினுப்பு அச்சு. விலைச்சீட்டுகூடப் பிய்க்கப்படவில்லை. தினமும் காலையில் மருதப்பன் அலமாரியைத் திறப்பார். அது அவரைப் பார்க்கும். அவர் அதைப் பார்க்கமாட்டார்.

சில நாடுகள் பீரங்கி வாங்குவது சுடுவதற்காக அல்ல, பக்கத்து நாடு பார்க்கட்டும் என்பதற்காக. அன்னம்மாவின் பாதுகாப்புக் கொள்கையும் அதுதான்.

இதன் வரலாறு சுருக்கமானது. மருதப்பன் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவர். கிராஞ்சிப் பந்தயத் திடலில் கடைசிக் குதிரை ஓடி முடித்த அதே மாதம் அவரும் ஓய்வு பெற்றார். ஊரின் நூற்றெண்பது ஆண்டுப் பந்தயமும் முப்பத்து நான்கு ஆண்டு மருதப்பனும் ஒரே மாதத்தில் ஓய்ந்ததைத் தற்செயல் என்று மற்றவர்கள் சொல்லலாம். மருதப்பன் அதை ஒரு கூட்டு இழப்பாகவே கருதினார்.

குதிரைகள் ஊரைவிட்டுப் போய்விட்டாலும் பந்தயச் சீட்டு போகவில்லை. மலேசியாவின் ஈப்போவில் ஓடும் குதிரைமீதும் ஆஸ்திரேலியாவில் ஓடும் குதிரைமீதும் இங்கே உட்கார்ந்து சட்டப்படி காசு கட்டலாம். வேலையும் இல்லை, நேரமும் நிறைய இருக்கிறது என்ற நிலையில் கணவனை விட்டுவைப்பது ஆபத்து என்று கணக்கிட்ட அன்னம்மா, ஓய்வு பெற்ற முதல் ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஒப்பந்தம் போட்டாள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு. ஒரே சீட்டு. சிங்கப்பூர்க் காசில் ஐந்து வெள்ளி. அதற்குமேல் ஒரு காசு போனாலும் அதன்பின் எந்த ஞாயிறும் மருதப்பனுடையதல்ல. மூன்று மணிக்குச் சமூக மன்றத்தில் வரிசையில் நின்று ஆடும் அன்னம்மாவின் லைன் டான்ஸ் குழுவில், அந்தக் கத்தரிப்பூச் சட்டையோடு அவர் நிற்கவேண்டும். சாட்சி, அன்னம்மாவின் தம்பி ஷங்கர்.

குழுவில் மொத்தம் முப்பத்து மூன்று பேர். அதில் ஆண் ஒருவர்தான், முத்தையா. எல்லாரும் இடது பக்கம் திரும்பினால் அவர் வலது பக்கம் திரும்புவார். எல்லாரும் வலது பக்கம் திரும்பினால் நின்று யோசிப்பார். இரண்டாவது ஆணாக அங்கே போய் நிற்பதை நினைத்தாலே மருதப்பனுக்கு முழங்கால் வலிக்கும்.

ஆகவே ஒப்பந்தத்தை அவர் ஒன்றரை ஆண்டாக அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். அதில் பெரிய கஷ்டமும் இருக்கவில்லை. ஏனென்றால் மருதப்பன் தன்னைச் சூதாடி என்று ஒருபோதும் நினைத்ததில்லை. அவர் ஆட்ஸ் படிப்பவர், அதாவது எந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு எத்தனை என்ற பந்தய எண்ணைப் படிப்பவர்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்கு வருவார். அங்கே ஒரு சந்தில் சேக் தாவூதின் பெட்டிக் கடை. பயணப் பெட்டி, சக்கரம் வைத்த பெட்டி, திருச்சிக்குப் போகிறவர்கள் கொள்ளளவுக்கு மீறி அடைத்து ஜிப்பைப் பிளக்கும் பெட்டி. வாசலில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி எப்போதும் இருக்கும். மருதப்பனின் இருக்கை அது. சேக் தாவூது அதற்கு வாடகை கேட்பதில்லை. "எம்பது கிலோ ஆளு ஒன்றர வருசமா உக்காந்திருக்காரு, ஒடையல பாருங்க" என்று வாடிக்கையாளரிடம் காட்டுவார். அவ்வளவில் இருவருக்கும் லாபம்.

மூன்று கடை தள்ளிப் பந்தயச் சீட்டுக் கடை. அங்கே போகிறவர்கள் வழியில் மருதப்பனிடம் நின்று, "அண்ணே, இந்த நம்பர் ஏன் நிமிசத்துக்கு ஒரு தடவ மாறுது? பாக்கறப்ப எட்டு இருந்துச்சு, காசு வாங்கப் போனா அஞ்சு குடுக்கறான்" என்று கேட்பார்கள். மருதப்பன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரின் பொறுமையோடு தொடங்குவார்.

"தம்பி, அது வெல ஒட்டுன சாமான் இல்ல. எல்லாரும் ஒரே சட்டியில காசு போடறோம். கடைக்காரன் மொதல்ல ஒரு கரண்டி எடுத்துக்குவான். மிச்சத்த ஜெயிச்ச குதிர மேல போட்டவங்க பங்கு பிரிச்சுக்குவாங்க. கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி. பத்துப் பேரு பந்தியில இருந்தா ஆளுக்கு ரெண்டு டம்ளர். நூறு பேரு வந்து உக்காந்தா நாக்குல தொட்டு வைப்பான். நீ பாக்கற நம்பர், இப்ப இந்த நிமிசம் எத்தன பேரு பந்தியில இருக்காங்கன்னு சொல்லுது. எல போட்டு முடியற வரைக்கும் மாறிக்கிட்டேதான் இருக்கும்."

இதுவரை அவர் சொல்வது அப்பழுக்கற்ற உண்மை. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எந்தப் பேராசிரியருக்கும் சொந்தமாக ஒரு கொள்கை வேண்டுமல்லவா?

"ஆனா கடைசிப் பத்து நிமிசம் இருக்கு பாரு, அதுதான் விசயம். அப்ப ஒரு குதிரையோட நம்பர் சரசரன்னு எறங்குனா, யாரோ உள்விசயம் தெரிஞ்சவன் பெரிய காசப் போடறான்னு அர்த்தம். தெரிஞ்சவன் எப்பவும் கடைசியிலதான் வருவான்."

"கல்யாணத்துக்குமா?" என்பார் சேக் தாவூது, கல்லாவிலிருந்து.

சேக் தாவூது பந்தயம் கட்டுவதில்லை. மார்க்கத்தில் விலக்கியது ஒரு காரணம், நாற்பது ஆண்டு வியாபாரம் மற்றொரு காரணம். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பதற்குத் தடையில்லை என்பதால் ஒன்றுவிடாமல் கேட்பார்.

"மருது, ஒரு சாப்பாட்டுக் கடையில கூட்டம் இருக்குன்னா சாப்பாடு நல்லா இருக்குன்னு அர்த்தமா? பக்கத்துக் கடை மூடியிருக்கலாம்ல?"

"பாய், உங்களுக்குப் பெட்டி தெரியும். குதிர தெரியாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சேக் தாவூது ஒப்புக்கொள்வார்.

இந்த அமைதியான கல்விப் பணிக்கு இடையூறாக வந்தது ஒரு குதிரை. அதன் பெயர் லேட் லஞ்ச்.

ஆறு ஆண்டுக்கு முன் நியூசிலாந்திலிருந்து சரக்கு விமானத்தில் வந்த குதிரை அது. கூண்டை இறக்கும்போது மருதப்பன் பக்கத்தில் நின்றார். குதிரை தலையை வெளியே நீட்டி, நிதானமாக அவர் வலது காதுக்குள் தும்மியது. காதைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். அன்று சாங்கியில் கொட்டுகிற மழை. மற்றக் குதிரைகள் மிரண்டன. இது மட்டும் மழையில் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடி, புதுமாப்பிள்ளை எண்ணெய்க் குளியலுக்கு நிற்பதுபோல நின்றது. அன்றே மருதப்பன் மனத்தில் எழுதிக்கொண்டார்: இவன் மழைக் குதிரை.

கிராஞ்சியில் அது ஓடியதெல்லாம் வெயிலில். மூடுவிழாவுக்குப்பின் ஈப்போவுக்குப் போனது. அங்கேயும் பதினொரு பந்தயம், பதினொன்றிலும் தோல்வி. இரண்டு முறை கடைசி. மருதப்பன் அசையவில்லை. பதினொரு நாளும் ஈப்போவில் மழை இல்லை என்பதை அவர் குறித்து வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது பந்தயம் வந்த வாரம், வெள்ளிக்கிழமை முதலே ஈப்போவில் விடாத மழை. மருதப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் எதிர்பார்த்தது பணத்தை மட்டுமல்ல. காதில் தும்மல் வாங்கிய ஒருவருக்கு ஆறு ஆண்டுக்குப்பின் நீதி கிடைக்கப்போகிறது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை மாலையில் மின்தூக்கிக்கு அருகே ஷங்கர் எதிர்ப்பட்டான்.

"மச்சான், ஒரு விசயம். யாருக்கும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் மாமா."

"சத்தியம் பண்ணு. உங்க அக்கா மேல."

ஷங்கர் கொஞ்சம் யோசித்தான். "அக்கா மேலயா? சீரியஸாவா?"

"பண்ணுடா."

"சரி, அக்கா மேல சத்தியம்."

பிறகுதான் மருதப்பன் குதிரையின் பெயர், பந்தயத்தின் எண், மழை, தும்மல் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் வந்தால் பாயசம் குறையும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தன் இலைக்குப் பக்கத்தில் தானே ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஞானிகள் சறுக்குவது இப்படி மின்தூக்கிக்கு முன்னால்தான்.

ஞாயிறு வந்தது. நாலே கால் மணிக்கு மருதப்பன் சீட்டுக் கடைக்குப் போய், லேட் லஞ்ச்மீது ஒப்பந்தப்படி ஐந்து வெள்ளி கட்டிவிட்டு வந்து பெட்டியில் உட்கார்ந்தார். பந்தயம் நாலே முக்காலுக்கு. கைபேசியில் அந்தக் குதிரைக்கு எதிரே இருபத்து நான்கு. அதாவது ஒரு வெள்ளிக்கு இருபத்து நான்கு வெள்ளி. ஈப்போவின் மழை நாள் பந்தயம் என்பதால் சட்டியே சின்னது. அதிலும் லேட் லஞ்சை நம்பியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம்.

"அஞ்சுக்கு நூத்திருபது, பாய்."

"கைக்கு வந்தப்புறம் எண்ணு" என்றார் சேக் தாவூது. அவர் ஒரு வாடிக்கையாளரின் பெட்டியைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு கிலோ. "அண்ணே, ஒரு கிலோ கூட. அந்த மிக்சியை எடுத்துருங்க."

நாலு முப்பத்து மூன்றுக்கு எண் பத்தரை ஆனது.

மருதப்பன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியில் பிழை இல்லை. நாலு முப்பத்தைந்துக்கு நாலரை. நாலு முப்பத்தெட்டுக்கு மூன்று. நாலு நாற்பதுக்கு இரண்டரை.

"பாய்! எறங்குது பாய்!"

"என்னா எறங்குது?"

"நம்பர்! இருபத்து நாலு ரெண்டரைக்கு வந்துருச்சு! நான் சொன்னேன்ல? தெரிஞ்சவன் கடைசியிலதான் வருவான். ஈப்போவுல பட்டம் வாங்குன பெரிய புள்ளி, ஏதோ டத்தோ போட்டிருக்கான்லா. குதிரை லாயத்துல இருந்தே சேதி போயிருக்கும்!"

"டத்தோ போட்டா உனக்கு என்னா? உன் பங்கு கொறையத்தானே செய்யுது? நீதானே பாயசம்ன?"

கேள்வி மிகச் சரியானது. ஆனால் உலகத்தில் எந்தச் சரியான கேள்வி சரியான நேரத்தில் காதில் விழுந்திருக்கிறது? மருதப்பனின் காதில், அதுவும் அந்த வலது காதில், பழைய தும்மல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றரை ஆண்டாக அவர் போதித்த கொள்கை கண் முன்னால் நிரூபணமாகிறது. டத்தோவே ஒப்புக்கொண்ட குதிரை. இந்த நேரத்தில் ஐந்து வெள்ளியோடு உட்கார்ந்திருப்பது கொள்கைக்கே துரோகம் அல்லவா?

எழுந்தார். கத்தரிப்பூ நிறம் ஒரு கணம் கண்ணில் மின்னியது. "அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு நடந்தார். சீட்டுக் கடையில் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினார். ஐந்து வெள்ளிக்குமேல் கட்டாத மனிதர் ஐம்பது கட்டுவதைப் பார்த்த அங்கிருந்த நாலைந்து பேர், மூச்சுவிடாமல் அவர் பின்னால் வரிசையில் நின்று ஆளுக்கு இருபது கட்டினார்கள்.

திரும்பி வந்து கைபேசியைப் பார்த்தால் ஒரு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி இருபது காசு.

"பாத்தீங்களா, இன்னும் எறங்குது! டத்தோ விட மாட்டேங்கறான்!"

"மருது, இப்ப எறக்குனது நீயும் ஒம் பின்னாடி நின்னவங்களும். நான் இங்கருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

பந்தயம் ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்தது. சேற்றில் மற்றக் குதிரைகள் தயங்கித் தயங்கி ஓட, லேட் லஞ்ச் முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டு மூன்று குதிரை நீளத்துக்கு முந்தி முதலாவதாக வந்தது. மருதப்பன் கறுப்புப் பெட்டியின்மேல் ஏறி நின்றார். பெட்டி அப்போதும் உடையவில்லை. சேக் தாவூது இதையும் மனத்தில் குறித்துக்கொண்டார்.

கணக்கு இதுதான். ஐம்பத்தைந்து வெள்ளி கட்டி நூற்று இருபத்தொரு வெள்ளி வாங்கினார். ஷங்கரிடம் வாயைத் திறக்காமல் ஐந்து வெள்ளியோடு உட்கார்ந்திருந்தால் நூற்றிருபது. ஐம்பது வெள்ளியையும் ஓர் ஒப்பந்தத்தையும் செலவழித்து அவர் கூடுதலாக ஈட்டியது ஒரு வெள்ளி. சேக் தாவூது இதைக் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். மருதப்பன் பார்க்க மறுத்தார்.

இனிப் பிரச்சினை, அந்தப் பணத்தை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது. ஐந்துக்கு இரண்டு இருபது வீதம் பதினொரு வெள்ளிதான் அவர் பையில் இருக்கலாம். யோசித்து, அன்னம்மாவின் குழு அடுத்த மாதம் பாத்தாம் தீவுக்குச் சுற்றுலா போவதால், ஐம்பத்தொன்பது வெள்ளிக்கு ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினார்.

"வெல கேட்டா என்னா சொல்லுவ?" என்றார் சேக் தாவூது.

"நீங்க சும்மா குடுத்தீங்கன்னு சொல்றேன்."

"அத மட்டும் சொல்லாத. அன்னம்மா மட்டுமில்ல, இந்தத் தெருவே நம்பாது."

பதினொரு வெள்ளிக்குக் கழிவு விலையில் தள்ளிவிட்டதாக இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

வீட்டில் அன்னம்மா என்றுமில்லாத மகிழ்ச்சியில் இருந்தாள். பெட்டியை உருட்டிப் பார்த்தாள். சக்கரம் நன்றாக ஓடியது. "பதினோரு வெள்ளியா? பரவால்லையே" என்றாள். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வந்தது. கூடவே இரண்டு பருப்பு வடை.

மருதப்பன் தப்பிவிட்டார். இந்த இடத்தில் வடையைத் தின்றுவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டிருந்தால் அவர் ஆயுள் முழுவதும் தப்பியிருப்பார். ஆனால் ஆட்ஸ் படிப்பவரின் ஜாதகத்தில் அது இல்லை.

"அன்னம், ஒனக்கு ஒரு விசயம் சொன்னா புரியாது. இருந்தாலும் சொல்றேன். அந்தக் குதிரைக்கு நாலரை மணிக்கு இருபத்து நாலு இருந்துச்சு. கடைசி நேரத்துல ஈப்போ டத்தோ ஒருத்தன் உள்ள பூந்து ரெண்டரைக்குக் கொண்டுவந்துட்டான். இல்லாட்டி என் அஞ்சு வெள்ளிக்கு நூத்திருபது வந்திருக்கும்."

"எத்தன மணிக்கு எறங்குச்சு?"

"நாலு முப்பத்து மூணுலருந்து நாலு நாப்பது வரைக்கும். நாலு தடவையா எறங்குச்சு. டத்தோ வெவரமானவன்."

அன்னம்மா வடையைத் தட்டில் வைத்தாள்.

"அது டத்தோ இல்லீங்க. நாங்க."

"யாரு நாங்க?"

"லைன் டான்ஸ். ஷங்கர் வெள்ளிக்கிழமையே வந்து சொல்லிட்டான். அக்கா, ஒம் மேல சத்தியம் பண்ணிட்டேன், ஒனக்குத் தெரியாம ஒம் மேல சத்தியம் இருந்தா நல்லதில்லன்னு. அதான் முறை, இல்லையா? அப்புறம் நான் குரூப்புல போட்டேன். ஆளுக்கு இருபது வெள்ளி. மலாய்க்காரங்க ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்க, அவங்க மார்க்கத்துல சூது பாவம்லா. மிச்சம் முப்பத்தொரு பேரு. அறுநூத்து இருபது வெள்ளி. ஒரேயடியாக் கட்டுனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு ஷங்கர் நாலு தடவையாப் பிரிச்சுக் கட்டுனான். எங்க எல்லாருக்கும் நாப்பத்து நாலு, நாப்பத்து நாலு வந்துச்சு. பாத்தாம் போற படகுக் காசு ஆயிருச்சு!"

மருதப்பனின் மனக்கண்ணில், ஈப்போ அரண்மனை வராந்தாவில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த டத்தோ மெல்லக் கரைந்து, அவர் நின்ற இடத்தில் முத்தையா தவறான பக்கம் திரும்பி நின்றார். ஒன்றரை ஆண்டுக் கொள்கை, அத்தனை போதனை, எல்லாம் ஒரு வாட்ஸாப் குழுவின் முன் தவிடுபொடி. எந்த அறிஞனும் இதைப் பொறுக்கமாட்டான்.

"அன்னம்! என்னா காரியம் பண்ணிட்டீங்க! நீங்க போட்டு எறக்குனதப் பாத்து, பெரிய ஆளு போடறான்னு நெனச்சு, நான் அம்பது வெள்ளி கட்டிட்டேன்லா!"



அன்னம்மா கோபப்படவில்லை. சிவப்புப் பெட்டியை ஒருமுறை பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். பிறகு கத்தரிக்கோலால் விலைச்சீட்டை வெட்டும் சின்னச் சத்தம்.

"நீயும் இருபது கட்டியிருக்கியே!" என்று மருதப்பன் கடைசியாக ஒரு வாதத்தை வீசினார்.

"ஒப்பந்தத்துல எம் பேரு இல்லீங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "போட்டுப் பாருங்க, தோள் சரியா இருக்கான்னு."

தோள் சரியாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் பூன் லே சமூக மன்றத்தில், கடைசி வரிசையில், முத்தையாவுக்குப் பக்கத்தில் மருதப்பன் நின்றார். குழுவில் அவருக்கு எதிர்பாராத வரவேற்பு. முப்பது பெண்களுக்கு ஆளுக்கு இருபத்து நான்கு வெள்ளி லாபம் வாங்கிக்கொடுத்த மனிதர் அல்லவா? ஒரு சீனப் பெண்மணி அன்னாசிப் பணியாரம் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர், "அங்கிள், நெக்ஸ்ட் வீக் என்ன குதிரை?" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டார். மருதப்பன் கூரையைப் பார்த்தார்.

சந்தில் கறுப்புப் பெட்டி காலியாக இருந்தது. சேக் தாவூது தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆளு உக்காரலன்னா பெட்டி போக மாட்டேங்குது மருது, செவ்வாக்கெழம சும்மாவாவது வந்து உக்காரு" என்றார். செவ்வாய்க்கிழமை பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. மருதப்பன் போக ஒப்புக்கொண்டார்.

ஞாயிறுதோறும் பாட்டுத் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாவது வாரம் தலை நிமிர்ந்தார். பழக்கம் விடுமா? முத்தையா எந்தப் பாட்டில் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதைக் கவனிக்கத் தொடங்கினார். வேகப் பாட்டென்றால் வலது. மெதுவான பாட்டென்றால் முதல் திருப்பத்தில் சரி, இரண்டாவதில் நின்றுவிடுவார். ஒரு ஞாயிறு மழை வேறு, தரை ஈரம். இடது பக்கம் சரியாகத் திரும்புவதற்கு, மருதப்பன் கணக்குப்படி, ஒன்றுக்கு இருபத்து நான்கு.

முத்தையா இடது பக்கம் சரியாகத் திரும்பினார்.

மருதப்பன் மனத்துக்குள் ஐந்து வெள்ளியை இருபத்து நான்கால் பெருக்கி, முழுத் தொகையையும் தானே வைத்துக்கொண்டார். முன் வரிசையிலிருந்து அன்னம்மா திரும்பி, எதற்காக இந்த மனிதர் இப்படிச் சிரிக்கிறார் என்று பார்த்தாள். "என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லையே" என்றார் மருதப்பன். இந்த முறை அவர் யாரிடமும் சொல்லவில்லை.